காட்டிக்கொடுத்த கற்பூரவல்லி

அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்கள் மில்லின் முதலுதவி அறை வாசலில் பதினான்கு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்திகூட இருமவில்லை.

நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று தெரியும். பஞ்சு பறக்கிற இடம். அங்கே இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே ஒருவராவது தொண்டையைச் செருமுவார்கள். பதினான்கு பேர் அரை மணி நேரம் நின்றும் ஒரு சத்தமில்லை என்றால், கோயிலில் நடை திறக்கும் முன்பு நிற்கிற அமைதிதான்.

அந்த அறைக்கு நான் நர்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் போய் வந்த காலம். அன்று மருத்துவப் பரிசோதனை. தற்காலிகமாக வேலை பார்த்தவர்களில் பதினான்கு பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் வந்திருந்தது. டாக்டர் ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டும். அது எந்த வருஷம் வரும் என்று ஆபீஸில் இருந்தவர்களுக்கே தெரியாது.

டாக்டர் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் எங்களைப் போலவே தமிழ். மாதம் ஒரு திங்கட்கிழமை மில்லுக்கு வருவார். முதல் பெண்ணின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். அவள் விட்டாள். டாக்டர் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டாவது பெண்ணுக்கும் அப்படியே. மூன்றாவது பெண் மூச்சு விட்டதும் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெயின்ட் டப்பாவில் என் கற்பூரவல்லிச் செடி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பும்போது டப்பாவே தெரியாத அளவுக்குத் தழைத்துக் கிடந்தது. இப்போது வெறும் தண்டு நின்றது.

“சிஸ்டர், செடிக்கு என்ன ஆச்சு?”

“ஆடு மேஞ்சிருச்சு டாக்டர்” என்றேன்.

மில் காம்பவுண்டுக்குள் ஆடு வந்ததாக அதற்கு முன்பும் பின்பும் யாரும் சொன்னதில்லை. டாக்டர் ஜன்னலிலிருந்து திரும்பினார். நான்காவதாக நின்ற ராமத்தாயை முன்னால் வரச் சொன்னார்.

“வாயைத் திறம்மா” என்றார்.

ராமத்தாய் என்னைப் பார்த்தாள். நான் மொட்டைச் செடியைப் பார்த்தேன்.

ஒடித்து நட்டால் போதும்

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்ன விஷயம். இந்தத் தொடரில் பஸ் பயணங்களைப் பற்றி எழுதிய வாரத்தில், சாப்பாட்டுப் பையில் கற்பூரவல்லிக் கொப்பு ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனதை ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, பஸ்ஸை விட்டுவிட்டார், கொப்பைப் பிடித்துக்கொண்டார். கற்பூரவல்லி எதற்கெல்லாம் நல்லது, ஒரு நர்ஸாக எழுதுங்களேன் என்று கேட்டிருக்கிறார். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. இவ்வளவு வாரம் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

ஓமவல்லி என்றும் சொல்வார்கள். தடித்த இலை, மேலே பூனை ரோமம், கிள்ளினால் ஓம வாசம். ஒரு கொப்பை ஒடித்து எங்கே குத்தி வைத்தாலும் வந்துவிடும். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிக்கு மரியாதை அதிகம். அது கோயில் தாயாருக்கு உரியது. குளிக்காமல் தொட மாட்டோம், சளிக்கு நாலு இலை பறிப்பதானாலும் மனதுக்குள் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் பறிப்போம். கற்பூரவல்லியிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. பாத்திரம் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் அழுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வளர்ந்து, எங்கள் வீட்டுச் சளியை எல்லாம் அதுதான் பார்த்துக்கொண்டது.

இலையை அடுப்புத் தணலில் வாட்டிப் பிழிந்தால் சாறு வரும். ஒரு ஸ்பூன் சாற்றில் தேன் கலந்து கொடுத்தால் தொண்டைக் கமறல் அடங்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூக்கடைப்புக்குக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு கை இலையைப் போட்டு ஆவி பிடிக்கலாம். வயிறு உப்பினால் இஞ்சித் துண்டோடு சேர்த்து மெல்லலாம். தலைபாரத்துக்கு இலையைக் கசக்கி நெற்றியில் போடலாம். போட்ட இடம் முதலில் எரியும், பிறகு குளிரும்.

அடுப்படியில் இதைவிட நன்றாகப் பயன்படும். ரசம் இறக்கும்போது கொத்தமல்லிக்குப் பதில் இரண்டு இலை கிள்ளிப் போட்டுப் பாருங்கள். இலையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, உளுந்தம்பருப்பு, மிளகாய் வற்றல், துளி புளி, தேங்காய் வைத்து அரைத்த துவையலுக்கு ஒரு படி சோறு காணாது. மழை பெய்கிற சாயங்காலம் கடலைமாவில் முக்கிப் போட்ட பஜ்ஜியைப் பற்றி எழுதினால் கட்டுரை அதோடு நின்றுவிடும்.

இவ்வளவுதான் இந்த இலை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இது சர்க்கரையைக் கரைக்கும், சிறுநீரகக் கல்லை உடைக்கும், புற்றை விரட்டும் என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. அனுப்புகிறவன் என் தம்பி மகன். அவனுக்குத் தலைவலி வந்தால் நேராக மெடிக்கல் கடைக்குத்தான் போகிறான். ராஜபாளையத்தில் சஞ்சீவி மலையே இருக்கிறது, அனுமார் தூக்கிக்கொண்டு போனபோது கீழே விழுந்த துண்டு என்பார்கள். அதன் அடிவாரத்திலேயே இத்தனை ஆஸ்பத்திரி நடக்கிறது என்று அவனுக்குப் பதில் போட்டேன். குழுவில் இரண்டு நாள் யாரும் பேசவில்லை.

நான் மில்லுக்குக் கொண்டுபோன கொப்பு ஒரே மாதத்தில் டப்பாவை மறைத்துவிட்டது. இலை மேலெல்லாம் பஞ்சுத் தூசி படிந்து வெள்ளையாக இருக்கும். காலையில் போனதும் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் கழுவுவேன். அந்த நேரத்தில் எழுகிற வாசம், பக்கத்து மெஷின்களின் எண்ணெய் நெடியோடு கலந்து அறைக்குள் வரும். இப்போதும் யாராவது கற்பூரவல்லியைக் கிள்ளினால் எனக்கு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

மூடி திறக்காத தூக்குவாளி

பஞ்சாலை இருமலுக்கு ஒரு குணம் உண்டு. வாரம் முழுக்கத் தூசியில் நிற்கிறவளுக்கு சனிக்கிழமை அவ்வளவாக இருக்காது. ஞாயிறு ஒரு நாள் வீட்டில் நல்ல காற்றைக் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே நுழைந்தால் நெஞ்சைப் பிடிக்கும். இழுக்கும், இருமும். ‘திங்கட்கிழமை நெஞ்சு’ என்றே மில்லில் பேர். டாக்டர் வருவதும் திங்கட்கிழமை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார் என்று தெரிந்தால் நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ராமத்தாய்க்கு அது அதிகம். செட்டியார்பட்டிக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஸ்பின்னிங் செக்‌ஷனில் வேலை. அவள் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் தொடங்கும். நாலு பேர் முன்னால் என்னை ‘சிஸ்டர்’ என்பாள். தனியாக இருந்தால் ‘ஏட்டி செண்பகம்’. நான் அவளை அக்கா என்பேன்.

அவள் புருஷன் தேவதானம் பக்கம் மாந்தோப்பில் காவல். காய்ப்பு இருந்தால் வேலை. இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். வீடு ஓடியது அவள் மில் வேலையில்தான். அந்த வேலையும் நிச்சயமில்லை.

தற்காலிகக்காரர்கள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேட்டில் வந்து நிற்க வேண்டும். சூப்பர்வைசர் விரலை நீட்டி நீ வா, நீ வா என்பார். விரல் படாதவர்கள் தூக்குவாளியில் கொண்டுவந்த சோறு அப்படியே இருக்க, வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ராமத்தாயின் மூத்த பெண் அம்மா வந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டாளாம். தூக்குவாளியை வாங்கிக் கனம் பார்ப்பாளாம். கனமாக இருந்தால் தங்கையைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாளாம், அம்மாவிடம் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று. இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் ராமத்தாய் சிரிக்கவில்லை.

“பெர்மனென்ட் ஆனா எம்புட்டு கூட வரும்னெல்லாம் நான் பாக்கல செண்பகம். மூடி தெறக்காத தூக்கு என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. அம்புட்டுதான்.”

பட்டியலில் அவள் பேர் வந்தது. பரிசோதனை திங்கட்கிழமை என்றும் வந்தது.

நான் சொன்ன யோசனை

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து ராமத்தாய் என் அறைக்கு வந்தாள். இருமல் தெரிந்தால் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார், என்ன செய்வது என்று கேட்டாள். நர்ஸ் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இருமல் இருந்தால் டாக்டரிடம் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஜன்னலைத் திறந்து செடியைக் காட்டினேன்.

இரண்டு இலை, ஒரு கல் உப்பு, அரை மணி நேரம் முன்னால் வாயில் போட்டு மெல்ல மெல்லச் சாற்றை இறக்கு, பிறகு சுடுதண்ணீர் குடி, ஒரு மணி நேரத்துக்கு இருமல் எட்டிப் பார்க்காது என்றேன். எனக்கு அது கைகண்ட மருந்து. ஒரு மாதமாக நானே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் தொண்டை கமறும், உடம்பு லேசாகச் சுடும். பஸ் அலைச்சல் என்று நினைத்தேன். ஜாக்கெட் தொளதொளவென்று ஆகியிருந்தது. அதற்கும் பஸ்ஸைத்தான் குறை சொன்னேன்.

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் செடி மொட்டையாகிவிட்டது. ராமத்தாய் தன்னோடு பட்டியலில் இருந்த பதின்மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் திங்கட்கிழமை நெஞ்சு உண்டு என்றாலும், மெல்லுகிற அளவுக்கு நாலைந்து பேருக்குத்தான் தேவை. மற்றவர்கள் மென்றது ராமத்தாய்க்காக. அவர்கள் போட்ட கணக்கை அவளே என் காதில் சொன்னாள்.

“ஒருத்தி வாயில மட்டும் மணந்தா அவரு கண்டுக்கிடுவாரு. எல்லாரு வாயிலயும் மணந்தா, ரூமே இப்படித்தான் மணக்கும் போலன்னு நெனைச்சுக்கிடுவாருல்லா.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தண்டின் அடியில் ஒளிந்திருந்த கடைசி இரண்டு இலைகளைக் கிள்ளி நானும் வாயில் போட்டுக்கொண்டேன்.

பதினைந்தாவது ஆடு

இப்போது ராமத்தாய் வாயைத் திறந்தாள்.

ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன ஊர். ஆனால் மூக்கு என்றால் எங்கள் டாக்டரின் மூக்குதான். குனிந்து ஒருதரம் மோந்தார். வரிசையில் நின்ற மற்றவர்களையும் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். கடைசிப் பெண் வரைக்கும் போய்த் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“யார் யோசனை இது?”

நான்தான் என்று ராமத்தாயும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

“பதினாலு ஆடுன்னு நெனைச்சேன். சிஸ்டர், நீங்களும் வாயைத் திறங்க.”

திறந்தேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். நெஞ்சை நான் காதால் பார்க்க முடியாதபடி செய்துவிட்டீர்கள், இனி படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பதினைந்து பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், படம் கைக்கு வராமல் ஒரு கையெழுத்தும் கிடையாது. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மில் வேனில் எங்களை ஏற்றினார்கள்.  பதின்மூன்று பேருக்கான கையெழுத்தும் ராமத்தாயால் நின்றுபோனது, ராமத்தாய்க்கான கையெழுத்து என்னால் நின்றுபோனது. வேன் பாதி வழி போவதற்குள் இலையின் தயவு தீர்ந்துவிட்டது. முதலில் ராமத்தாய் இருமினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும். நானும் இருமினேன்.

“ஒன் இலை மறைக்கலட்டி. தமுக்கடிச்சுல்லா சொல்லிருச்சு” என்றாள் ராமத்தாய். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஓடுகிற வேனிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

பேரைப் பாருங்க

படங்கள் வந்தபோது டாக்டர் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வாரத்தின் நடுவில் ஒருநாள், காக்கி உறைகளின் கட்டோடு வந்து நின்றார். ராமத்தாயைக் கூப்பிட்டு வரச் சொன்னார். என்னை இருக்கச் சொன்னார்.

ஒரு படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பின்னால் மொட்டைத் தண்டில் கடுகளவு பச்சை கிளம்பியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது ராமத்தாயின் நெஞ்சு. பயப்படும்படி ஒன்றுமில்லை, இருமல் பஞ்சுத் தூசியால் வந்தது, தூசியை விட்டு விலகினால் குறையும் என்றார். ராமத்தாய் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பிறகு இன்னொரு படம். வலது பக்கம் மேலே, துணியில் பால் கொட்டிய மாதிரி ஒரு நிழல். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் பார்த்த நர்ஸ் நான். பாவம், வீட்டில் குழந்தை குட்டி இருக்கிறவளாக இருக்குமே, யாரிடம் எப்படிச் சொல்லப் போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

“இது யாரோடது டாக்டர்?”

“பேரைப் பாருங்க சிஸ்டர்.”

பார்த்தேன். என் பேர்.

சளிப் பரிசோதனையிலும் காசம் என்றே வந்தது. ஆறு மாதம் விடுப்பு, அந்த ஆறு மாதமும் மாத்திரை. டாக்டர் என்னைத் திட்டவில்லை. அவர் சொன்னதை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

“அந்த எலை நல்ல எலைதாம்மா. தொண்டைக்கு நல்லதுதான் செஞ்சிருக்கு. ஆனா ஒரு மாசமா உங்க இருமல் உங்களுக்கே கேக்காமப் பண்ணிருச்சு.”

மற்ற எல்லோரையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் என்னிடமிருந்து ஒட்டவில்லை. அந்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கியபோதுதான் நான் அழுதேன். பதின்மூன்று பேர் நிரந்தரமானார்கள். ராமத்தாய்க்கு மட்டும் டாக்டர் ‘தூசியில்லாத பிரிவில் வேலைக்குத் தகுதி’ என்று எழுதினார். அப்படி எழுதியது அவள் நெஞ்சுக்கு நல்லது. ஆனால் அந்தப் பிரிவில் அப்போது இடமில்லை, அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

அவள் மறுபடியும் கேட்டில் போய் நின்றாள். விரல் நீளுமா என்று பார்த்துக்கொண்டு.

நான் வீட்டில் கிடந்தேன். அவள் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று இருந்தது. பத்து பதினைந்து நாள் கழித்து, ஒரு காலை நேரம், கதவைத் தட்டுகிற சத்தம். ராமத்தாய் நின்றாள். கையில் தூக்குவாளி. நான் கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள், இன்றைக்கு வேலை இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். செட்டியார்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாளாம்.

“வா ஏட்டி, இதத் தீத்துப்புடுவோம்.”

கொல்லையில் காற்றாட உட்கார்ந்தோம். டாக்டர் சொன்னபடி நான் தள்ளி உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தாள். தயிர்ச்சோறும் கற்பூரவல்லித் துவையலும். அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. சாயங்காலம் காலித் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் புருஷனுக்கு மட்டும் தெரியும். அவள் பெண்கள் அம்மாவுக்கு இப்போதெல்லாம் தினமும் வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்திரை சும்மா விடாது. குமட்டும். சிறுநீர் செம்மண் தண்ணீராகப் போகும், அது மருந்தின் நிறம்தான் என்று படித்த எனக்கே பார்க்கும்போது பகீரென்றது. இரண்டு மாதம் ஆனதும் உடம்பு தேறிவிட்டது. சூடு இல்லை, இருமல் இல்லை. இனி எதற்கு மாத்திரை, கஷாயம் போதுமே என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நடுவில் நிறுத்தினால் நோய் இரட்டை பலத்தோடு திரும்பும் என்று எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்த வாய் இது.

அன்று ராமத்தாய் வந்தபோது அந்த வேளை மாத்திரை தட்டிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

“இலைய நான் பறிச்சுத் தாரேன், தொவையல் அரைச்சுத் தாரேன். மாத்திரைய நீ முழுங்கு.”

முழுங்கினேன். வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். டாக்டரே அப்படி மோந்து பார்த்ததில்லை. ஆறு மாதமும் அவள் என்னை நம்பவே இல்லை. அதனால்தான் பிழைத்தேன்.

அடுத்த பட்டியல் வர இரண்டு வருஷம் போல ஆனது. நூல் கோன்களை அட்டைப் பெட்டியில் அடுக்குகிற பேக்கிங் பிரிவில் அவளுக்கு இடம் கிடைத்தது. டாக்டர் அந்தத் தடவை மோந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். நான் வேலைக்குத் திரும்பிய பிறகும், அவளைத் திருப்பி அனுப்பிய நாட்களில் மதியம் கேட்டுக்கு வெளியே இரண்டு பேரும் அந்தத் தூக்கைப் பங்கிட்டுத்தான் தீர்த்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ராமத்தாய் முதலுதவி அறைக்கு வந்து தூக்குவாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். இனிமேல் உனக்குச் சோறு கிடையாது என்றாள். அன்று அவள் சிரித்த சிரிப்பில் இருமல் இல்லை.

போன மாதம்

டாக்டர் இப்போது இல்லை. அந்த மில்லின் பேரும் மாறிவிட்டது, கேட்டும் மாறிவிட்டது. ராமத்தாயின் பெண்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். அத்தனை வருஷம் குடித்த பஞ்சுத் தூசி அவள் நெஞ்சைச் சும்மா விடவில்லை. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து எப்போதும் மடியில் இருக்கும். இப்போது அவள் யாருக்காகவும் இருமலை அடக்குவதில்லை. தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி இருமுகிறாள்.

மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கப் போவேன். பால்கோவாவும் என் வீட்டுக் கற்பூரவல்லிக் கொப்பும் கொண்டுபோவேன். அவள் வீட்டில் இல்லாத செடி இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொள்வாள்.

போன மாதம் போகும்போது எனக்கு இருமல். மூன்று வாரமாக இருந்தது. சாரலில் நனைந்ததால் வந்தது, போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ராமத்தாய்க்குத் தெரிந்தால் கவலைப்படுவாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் செட்டியார்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பையிலிருந்த கொப்பில் இரண்டு இலையைக் கிள்ளினேன். ஒரு கல் உப்பும் வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருந்தேன். மெல்ல மெல்லச் சாற்றை இறக்கினேன்.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் சமையல் முடிந்து துவையல் வாசம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். அரை மணி நேரம் ஒரு செருமல்கூட இல்லாமல் பேசினேன். நடுவில் அவள் என்னைக் கையமர்த்தினாள்.

“எத்தன நாளா இருமுத?”

நான் எங்கே இருமினேன் என்றேன்.

“வாயைத் திற ஏட்டி.”

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு இன்னும் கூட. திறந்தேன்.

ஒருதரம் மோந்தாள்.  நாற்காலியைப் பிடித்து எழுந்து, உறிஞ்சுகிற மருந்தை மஞ்சள் பையில் போட்டாள். அடுப்படிக்குப் போய்ச் சமைத்து வைத்திருந்த சோற்றையும் துவையலையும் தூக்குவாளியில் அள்ளி வைத்தாள். நான் நாளைக்குப் போகிறேன், நீ இந்த மூச்சோடு ஏன் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன். அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

“எக்ஸ்ரே ரூம்ல எம்புட்டு நேரம் ஆகுமோ. பசி தாங்க மாட்ட நீ.”

ராஜபாளையத்தில் எக்ஸ்ரே எடுக்கிற அறை வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து இருமினோம். உள்ளே இருந்த பெண் எட்டிப் பார்த்து, இரண்டு பேரில் நோயாளி யார் என்று கேட்டாள். நான் ராமத்தாயைக் கை காட்டினேன். ராமத்தாய் என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

படத்தில் பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது. புதிதாக ஒன்றுமில்லை, சாதாரணச் சளிதான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது ராமத்தாய் அந்தச் சீட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அவள் மூடியைத் திறந்தாள். அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டபோது தூக்குவாளியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். காலியாக இருந்தது.